பந்து கையை விட்டு வராத பையன்களுக்கு ஒரு வகுப்பு

சேலம் அஸ்தம்பட்டியில் ஞாயிறு காலைகளில் விளையாட்டுக்காரர்களுக்கு மனப்பயிற்சி வகுப்பு ஒன்று நடக்கிறது. குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

என் மகன் இடது கை சுழற்பந்து வீச்சாளன். போன சீசனில் திடீரென்று பந்து கையை விட்டே வரவில்லை. ஒன்று, பந்து பாதியிலேயே ரெண்டு குத்து குத்தி உருளும். இல்லையென்றால் கீப்பர் தலைக்கு மேலே பறக்கும். மணிக்கட்டைப் பார், தோளைப் பார் என்று கோச்சிங்கில் திருத்தத் திருத்த இன்னும் மோசமானது.

அந்தத் திருத்தல்தான் வினையே என்றார் இங்கே சொல்லித்தருபவர். தானாக ஓடும் கையை மனசு ஒவ்வொரு அசைவாகக் கண்காணிக்க ஆரம்பித்தால் ஓட்டம் அறுந்துவிடுமாம். 1993 விம்பிள்டன் பெண்கள் டென்னிஸ் இறுதியாட்டத்தைப் போட்டுக் காட்டினார். கடைசி செட்டில் யானா நோவோட்னா 4-1 முன்னிலை. 5-1 ஆக ஒரே பாயிண்ட். அங்கே டபுள் ஃபால்ட் (ரெண்டு சர்வீஸும் தப்பு), அப்புறம் ஒரு கேம்கூட வரவில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அந்தரத்தில் இரண்டரைச் சுற்றுக்குத் தாவி ஒன்றரையிலேயே இறங்கியதையும் பார்த்தோம். ‘தைரியம் பத்தாது’ என்று திட்டு வாங்கியே பழகிய பையன்கள் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

பயிற்சி எளிமையானது. 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓடிவந்து வீச வேண்டும். 79-க்கு அப்புறம் 71 என்றான் மகன். கணக்குத் தப்பு, ஆனால் பந்து விழுந்தது சரியான இடத்தில், குட் லெங்த்.

ஷட்டில் ஆடும் ஒருவருக்கு சர்வீஸ் போடும்போது மட்டும் விரல் இறுகி மடங்கும். அதையும் மனசுக் கோளாறு என்று இழுத்தடிக்காமல் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

பிடிக்காதது, பதற்றத்தில் தடுமாறாமலிருக்க இடது கையில் ரப்பர் பந்தை அழுத்தச் சொல்வது. ஜெர்மனியில் வலது கைக்காரர்களை வைத்துச் சோதித்த முறை அது. “இவன் இடது கைங்களே” என்றேன். “எல்லாருக்கும் அதேதாங்க” என்றார். டீ இடைவேளைக்கு அப்புறம் ஒரு மணி நேரம் வெறும் உற்சாகப் பேச்சு. கிரிக்கெட்டில் சின்னப்பம்பட்டி நடராஜன், பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் பெரியவடகம்பட்டி மாரியப்பன் என்று அடுக்குகிறார்கள். நம்ம ஊர்ப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தாண்டியது வறுமையை. பந்து கையில் ஒட்டிக்கொண்ட பையனுக்கு அதில் என்ன இருக்கிறது?

மேட்ச்சில் இன்னமும் ஓவருக்கு ஒன்று தப்புகிறது, ஆனால் பந்தைக் கேட்டு வாங்கி வீசுகிறான். மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள், பேசிப் பாருங்கள். டீ இடைவேளையிலேயே கிளம்பிவிடலாம், நஷ்டமில்லை. கார் எடுத்துப் போகாதீர்கள், அந்தச் சந்தில் நிறுத்த இடம் கிடையாது.