உலான்பத்தரில் ஒரு வரலாற்று நடை: சிலைகளின் வழியே மங்கோலிய அரசியல்

மங்கோலியத் தலைநகர் உலான்பத்தரின் சுக்பாத்தர் சதுக்கத்தில் தொடங்கும் இந்த மூன்று மணி நேர வழிகாட்டி நடையில், என் மனத்தில் அழுத்தமாகப் பதிந்தது எந்தக் கட்டடமும் அல்ல. வழிகாட்டி பையிலிருந்து எடுத்துக் காட்டிய இரண்டு பணத்தாள்கள்தான். 100 துக்ரிக் (மங்கோலிய நாணயம்) தாளில், நாட்டைச் சோஷலிசத்துக்கு இட்டுச்சென்ற 1921 புரட்சியின் தளபதி சுக்பாத்தர் இருக்கிறார். 500 துக்ரிக்கிலிருந்து மேலே செங்கிஸ் கான். சோஷலிசக் காலத்தில் போற்றிப் பேசத் தயங்கிய பேரரசர் பெரிய தாள்களுக்கு உயர, அக்காலத்தின் நாயகர் சில்லறையோடு நின்றுவிட்டார்.

சதுக்கமும் இதே கதையைத்தான் சொல்கிறது. சுக்பாத்தர், ஸ்டாலின் காலத்தில் நாட்டை ஆண்ட சோய்பல்சான் இருவரின் உடல்களும் வைக்கப்பட்டிருந்த நினைவு மண்டபம் 2005இல் இடிக்கப்பட்டு, அரசு மாளிகையின் முகப்பில் செங்கிஸ் கான் அமர்த்தப்பட்டார். சதுக்கத்தின் பெயரும் 2013இல் அவருக்கு மாற்றப்பட்டு, 2016இல் மீண்டும் சுக்பாத்தருக்கே திரும்பியது. மத்திய நூலகத்தின் முன் 1990 பிப்ரவரி வரை ஸ்டாலின் நின்ற இடத்தில் இப்போது அறிஞர் ரிஞ்சென் நிற்கிறார்.

1990ஐப் பற்றிய பகுதிக்காகவே இந்த நடையைப் பரிந்துரைக்கலாம். 1989 டிசம்பர் 10 அன்று ஜனநாயகம் கோரி நடந்த முதல் பொதுக்கூட்டம், மார்ச் 7இல் இதே சதுக்கத்தில் தொடங்கிய உண்ணாவிரதம், இரண்டே நாளில் ஆளுங்கட்சித் தலைவர் பத்மோன்க்கின் கீழ் இருந்த கட்சியின் உயர்மட்ட அரசியல் குழு பதவி விலக முடிவுசெய்தது, ஜூலையில் நடந்த பலகட்சித் தேர்தல் என ஒவ்வொன்றையும் அது நிகழ்ந்த மண்ணில் நின்று கேட்பது தனி அனுபவம். அந்த ஜனநாயக இயக்கத்தின் முகமாக விளங்கி, 1998 அக்டோபரில் கொல்லப்பட்ட சோரிக்கின் சிலை முன் வழிகாட்டி வெகுநேரம் நின்றார். அதில் எனக்குக் குறையில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 1937இல் தொடங்கிய பெரும் அடக்குமுறையில் துறவிகள் உட்பட முப்பதாயிரம் பேர்வரை கொல்லப்பட்ட நாடு இது; பிரதமராக இருந்த கெந்தென் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவை அனைத்தும் நான்கு நிமிடத்தில் முடிந்தன, அதுவும் சாலை இரைச்சலுக்கு நடுவே. ஒலிபெருக்கி ஏதும் தராததால் பின்வரிசையில் இருந்தவர்களுக்குப் பாதிதான் கேட்டது.

மங்கோலியர்களின் அரசியல் வரலாறு என்று விளம்பரம் செய்துவிட்டு, சீன எல்லைக்குள் 1947இல் தன்னாட்சிப் பகுதியாக்கப்பட்ட உள் மங்கோலியாவை ஒரு சொல்லாலும் தொடாதது அதைவிடப் பெரிய விடுபடல். நான் கேட்டபோது வழிகாட்டி தன் குறிப்பேட்டைத் திறந்து, மேலிருந்து கீழாக ஓடும் பழைய எழுத்தில் தன் பெயரை மெதுவாக எழுதிக் காட்டினார். "நாங்கள் 1940களில் ரஷ்யர்களின் சிரிலிக் எழுத்துக்கு மாறிவிட்டோம், அங்கே இதைக் கைவிடவில்லை" என்றார். அந்த ஒரு நிமிடத்தை விரித்து, நடையிலேயே ஒரு நிறுத்தமாக வைத்திருக்கலாம்.