கழுத்தில் தொங்கும் பேட்ஜ்: கார்டா, புளூடூத்தா, யூடபிள்யூபியா?

கதவைத் திறப்பது ஒரு வேலை. ஆள் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே பேட்ஜில் தருகிறோம் என்று ஒருவர் விற்க வரும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தால் எதை வாங்குவது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் பழைய கார்டு. உள்ளே பேட்டரி கிடையாது. ரீடர் அருகே காட்டும்போது அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. தேய்மானம் இல்லை, விலையும் குறைவு. ஆனால் 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுகளில் மிகப் பல, யார் கேட்டாலும் தன் எண்ணை அப்படியே ஒப்பித்துவிடும். கைக்கு அடக்கமான ஒரு கருவி இருந்தால் டூப்ளிகேட் எடுக்கச் சில நொடிகள் போதும்.

அடுத்து வந்த 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டுகளில் பூட்டு உண்டு. இருந்தாலும் பரவலாகப் புழங்கிய மைஃபேர் கிளாசிக் என்ற கார்டின் 48 பிட் ரகசியப் பூட்டை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் உடைத்துக் காட்டினார்கள். அந்த நாட்டுப் போக்குவரத்துக் கார்டும் லண்டன் ஆய்ஸ்டர் கார்டும் அப்போது அதையே நம்பியிருந்தன. கட்டுரை வெளிவராமல் தடுக்கச் சிப் தயாரித்த என்எக்ஸ்பி நிறுவனம் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. இன்று வாங்குவதென்றால் ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கப் பூட்டுள்ள, அதே மைஃபேர் குடும்பத்தின் டெஸ்ஃபயர் வகைதான் சரி.

அதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கார்டு டெஸ்ஃபயராக இருக்கும், ரீடரோ அதன் வரிசை எண்ணை மட்டும் படிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் நல்ல பூட்டை வாங்கிக் கதவில் மாட்டிவிட்டு, பூட்டாமல் போவதற்குச் சமம். நிறுவ வருபவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

புளூடூத் பேட்ஜ் வேறு ரகம். சில நொடிக்கு ஒருமுறையோ அதைவிட அடிக்கடியோ, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தானாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். தூரத்தை அது அளப்பதில்லை. சிக்னலின் பலத்தை வைத்து ரிசீவர் ஊகிக்கிறது. ஒரு பேட்ஜை மேஜைமேல் வைத்துப் போனில் பார்த்தேன்: சிக்னல் பலம் மைனஸ் 62 டிபிஎம் அளவில் நின்றது. அதையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதே தூரத்தில் போனுக்கு முதுகைக் காட்டி நின்றேன். மைனஸ் 80-க்கு இறங்கிவிட்டது. காரணம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் உள்ள நீர் விழுங்குகிறது. ரிசீவரைக் கேட்டால் நான் பல மீட்டர் தள்ளிப் போய்விட்டேன் என்று சொல்லும்.

ஆகவே ‘எந்த அறையில்’ என்பதற்குப் புளூடூத் போதும். ‘எந்தக் கதவின் முன்னால்’ என்பதற்குப் போதாது. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்காகக் கதவு திறந்துகொள்ளும். இன்னொரு ஆபத்து, தூரத்தில் இருக்கும் பேட்ஜின் சிக்னலை இடையில் ஒருவர் வாங்கிக் கதவு வரை கடத்துவது. 2022-இல் என்சிசி குழுமம் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் இதே வழியில் டெஸ்லா மாடல் 3 காரைத் திறந்து ஓட்டிக் காட்டியது. 2024-இல் வந்த புளூடூத் 6.0, தூரத்தை உண்மையாகவே அளக்கும் வசதியைக் கொண்டுவந்திருக்கிறது. பழைய பேட்ஜ்களுக்கு அது கிடைக்காது.

அப்புறம் பேட்டரி. காசு வடிவ சிஆர்2032 பேட்டரியில் இருப்பது சுமார் 220 மில்லி ஆம்பியர் மணிதான், ஓயாமல் சிக்னல் அனுப்பினால் அது தீர்ந்துவிடும். ஆயிரம் பேருக்குப் பேட்ஜ் கொடுத்தால், பேட்டரி மாற்றுவதே ஒருவருக்கு நிரந்தர வேலையாகிவிடும்.

மூன்றாவது வகை யூடபிள்யூபி, அதாவது அல்ட்ரா வைட்பேண்ட். இது சிக்னல் பலத்தைப் பார்ப்பதில்லை, அலை பயணித்த நேரத்தை அளக்கிறது. ஒரு நானோ நொடியில் ஒளி 30 சென்டிமீட்டர் போகும். அந்த அளவுக்கு நுணுக்கமாகக் கணக்கிடுவதால் பிழையும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இடையில் கடத்தினால் நேரம் கூடுமே தவிரக் குறையாது, எனவே அந்த ஏமாற்று எளிதில் பலிக்காது. ஆனால் கூரையெங்கும் ஆங்கர்கள் (பேட்ஜோடு பேசி நேரத்தை அளக்கும் நிலையான கருவிகள்) வேண்டும், செலவும் அதிகம். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் கிடங்கில் ஆள் குறுக்கே வருவதை எச்சரிக்க அந்தச் செலவு தகும். அலுவலக வாசலுக்குத் தேவையில்லை.

என் தேர்வு: கதவுக்கு டெஸ்ஃபயர் கார்டு. மருத்துவமனையில் சக்கர நாற்காலியையும் மருந்து பம்பையும் தேடிக் கண்டுபிடிக்கப் புளூடூத் டேக். அந்த டேக் பொருளில் ஒட்டியிருக்கட்டும், செவிலியர் கழுத்தில் வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் சிங்கப்பூர். 2020-இல் அங்கே கொரோனா தொடர்பைக் கண்டறிய டிரேஸ்டுகெதர் என்ற புளூடூத் டோக்கனை, ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களில் தொடங்கி, மக்களுக்குக் கொடுத்தார்கள். ஜிபிஎஸ் கிடையாது, 25 நாளில் தரவு அழிந்துவிடும், எல்லாம் கவனமாகத்தான் வடிவமைத்தார்கள். ஆனால் குற்ற விசாரணைக்கும் காவல்துறை அந்தத் தரவைக் கேட்டுப் பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. மக்கள் கொதித்த பிறகு, ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று அடுத்த மாதமே சட்டம் போட்டார்கள்.

நம் அலுவலகங்களில் அந்த விவாதமே நடப்பதில்லை. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான தேவைகளுக்கு ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே தரவைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. அதனால் பேட்ஜைக் கழுத்தில் மாட்டும்போதே கேட்டுவிடுங்கள்: நான் கேன்டீனில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்பது இதில் பதிவாகிறதா, யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் அழிப்பீர்கள்?