ஏபிஐ மாஸ்டர் டெஸ்ட் கிட்: புதுத் தொட்டியில் மீன் சாகும்போது எவ்வளவு கைகொடுக்கும்?

தொட்டி வைத்து இரண்டு மூன்று வாரத்தில் மீன் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கத் தொடங்கினால், தென்னாப்பிரிக்காவில் டர்பனானாலும் ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவானாலும் கடைக்கு ஓடுகிறவர் முதலில் வாங்கி வருவது மெத்திலீன் புளூ என்னும் நீல மருந்துதான். பெரும்பாலும் அது வீண் செலவு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் அப்போதுதான் வளரத் தொடங்கியிருக்கும். அதையும் இந்த மருந்து கெடுத்துவிடும். முதல் மாதச் சாவுகளில் நோயைவிட அம்மோனியாவும் நைட்ரைட்டும்தான் அதிகம். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பளிங்குபோல இருக்கும். அதனால் மருந்துக் காசைத் தண்ணீர் சோதனைப் பெட்டியான ஏபிஐ ஃப்ரெஷ்வாட்டர் மாஸ்டர் டெஸ்ட் கிட்டில் போடுவது மேல்.

பெட்டியில் 7 ரசாயனக் குப்பிகள், 4 கண்ணாடிக் குழாய்கள், ஒரு வண்ண அட்டை. பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு), உயர் பிஎச், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என ஐந்து சோதனை. ஏறக்குறைய 800 தடவை சோதிக்கலாம் என்கிறது பெட்டி. ஒரு தொட்டி வைத்திருப்பவருக்கு ரசாயனம் தீர்வதற்குள் காலாவதியாகிவிடும்.

செய்முறை எளிது, ஆனால் அவசரக்காரருக்கு ஆகாது. குழாயில் 5 மில்லி கோடு வரை தொட்டித் தண்ணீர். அம்மோனியாவுக்கு முதல் குப்பியில் 8 சொட்டு, இரண்டாவதில் 8 சொட்டு, மூடிபோட்டு 5 நொடி குலுக்கி, 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். நைட்ரைட்டுக்கு 5 சொட்டு, அதே 5 நிமிடம். குப்பியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும். நேராகக் கவிழ்த்தே விட வேண்டும். கட்டைவிரலால் வாயை அடைத்துக் குலுக்குவதும் கூடாது.

பலரும் கோட்டை விடுவது நைட்ரேட்டில். இரண்டாவது குப்பியில் உள்ள பொருள் அடியில் படிந்து இறுகிவிடும். அதை 30 நொடி நன்றாகக் குலுக்காமல் 10 சொட்டு விட்டால் மஞ்சள் நிறமே வரும், ‘நைட்ரேட் பூஜ்யம்’ என்று பொய் சொல்லும். சொட்டு விட்டபின் குழாயையும் ஒரு முழு நிமிடம் குலுக்க வேண்டும். இன்னொன்று: தொட்டியில் நைட்ரைட் இருக்கும்வரை இந்தச் சோதனை அதையும் நைட்ரேட்டாகக் கணக்கில் சேர்த்துவிடும். எனவே முதல் வாரங்களில் நைட்ரேட் எண்ணை நம்ப வேண்டாம்.

அம்மோனியா எண்ணை பிஎச்சோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனைக் கொல்லும் வடிவம் 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் 5 பங்குக்கு மேல். ஒரே 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்), ஒரு வீட்டில் கப்பி மீன் நீந்திக்கொண்டிருக்கும், அடுத்த வீட்டில் செவுள் சிவந்து தண்ணீர் மட்டத்தில் வாய் பிளக்கும். 0.5-க்கு மேல் ஏறினால் தீனியை இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் பாதித் தண்ணீர் மாற்றுவதே வழி. குளோரினை நீக்கும் சீகெம் பிரைம் போன்ற திரவம் 60 லிட்டர் தொட்டிக்கு 1.5 மில்லி போதும். குழாய்நீரை நேரே தொட்டியில் விடுகிறவர்கள் மாற்றும் தண்ணீருக்கு மட்டும் அளக்காமல் முழுத் தொட்டிக்கும் சேர்த்து விட வேண்டும். இந்தத் திரவம் அம்மோனியாவைக் கட்டிப்போடும் என்கிறது தயாரித்த நிறுவனம். அதை நம்பித் தண்ணீர் மாற்றாமல் இருப்பது ஆபத்து. விட்ட பிறகும் கிட் அதே நிறத்தைக் காட்டலாம், பதற வேண்டாம்.

ஜோஹானஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாநிலத்தார் தொட்டிக்கு முன்னால் குழாய்நீரைச் சோதிக்க வேண்டும். அங்கே நீர் வழங்கும் ரேண்ட் வாட்டர் நிறுவனம் கிருமிநாசினியாகக் குளோராமினும் பயன்படுத்துகிறது. அது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. வாளியில் ஓர் இரவு வைத்தாலும் பறந்துபோகாது. மலிவான ‘ஆன்ட்டி குளோரின்’ பளிங்குத் துகள் குளோரினை மட்டும் உடைத்து, அம்மோனியாவை அப்படியே தொட்டியில் விட்டுவிடும். தண்ணீர் மாற்றிய மறுநாள் மீன் சாகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் இங்கே பார்க்கலாம்.

நைட்ரைட் ஏறினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகும். இதற்குச் சமையலறையிலேயே முதலுதவி உண்டு: குளோரைடு, செவுளில் நைட்ரைட்டை உள்ளே விடாமல் தடுக்கும். 60 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 6 கிராம் சாதா உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அட்டையின் உச்ச எண்ணான 5 பிபிஎம் நைட்ரைட் வரை மீன் தாங்கும். ஆனால் இது நேரம் வாங்கித் தருவதோடு சரி. தொட்டி பக்குவப்பட, அதாவது நல்ல பாக்டீரியா போதுமான அளவு வளர, நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் ‘சுத்தமாக’ அலசினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும்.

எல்லாம் பூஜ்யம், மீன் மட்டும் சாகிறது என்றால் கிட் கைவிரித்துவிடும். இதில் ஆக்சிஜன் சோதனை கிடையாது, செம்பு கிடையாது, குளோரின் கிடையாது. டர்பனில் ஜனவரி வெயிலில் தொட்டி 30 டிகிரிக்கு ஏறினால் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான், 20 டிகிரியில் 9-க்கு மேல். அந்த நேரம் பார்த்து லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு வந்தால் சொல்லவே வேண்டாம். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றால் உள்ளே பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் நீரைத் தொட்டிக்குள் தள்ளவிடாமல், கழற்றிக் கொட்டிவிட்டு ஓடவிட வேண்டும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. கொசு, கரப்பான் ஸ்ப்ரேயும் கிட்டில் தெரியாது. ஏர் பம்ப் அந்தக் காற்றை நேரே தண்ணீருக்குள் இறக்கிவிடும். குளிர்காலத்தில் கீசர் வெந்நீரைக் கலந்து சூடேற்றுவதும் வேண்டாம். செம்புக் குழாயிலிருந்து கரைந்து வருவது இறாலுக்கு எமன்.

உண்மையான குறை, தண்ணீரிலுள்ள கார்பனேட்டை அளக்கும் கேஎச் சோதனையைப் பெட்டியில் வைக்காதது. கேப் டவுன்காரர்களுக்கு இது பெரிய ஓட்டை. டேபிள் மவுண்டன் பக்கத்து நீர் மென்னீர். பிஎச் விழாமல் தாங்கும் கார்பனேட் அதில் மிகக் குறைவு. மாதக்கணக்கில் நன்றாக ஓடிய தொட்டியில் பிஎச் 6-க்குச் சரிந்து, பாக்டீரியா வேலையை நிறுத்தி, அம்மோனியா சேரும். அமிலத் தண்ணீரில் அது மீனைத் தொடாது. ஆறு மாதம் மறந்திருந்துவிட்டு ஒரே நாளில் பாதித் தண்ணீர் மாற்றினால் பிஎச் ஏறும், மாலைக்குள் தொட்டி காலி. கேஎச் கிட்டைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும்.

இன்னொரு எரிச்சல், 0-க்கும் 0.25-க்கும் இடையே மஞ்சளா இளம்பச்சையா என்பது. மஞ்சள் விளக்கடியில் பார்த்தால் எல்லாமே 0.25 போலத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில், குழாயை அட்டையின் வெள்ளைப் பகுதியோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் பாட்டில் தண்ணீரில் அதே சோதனையைச் செய்து பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

காகிதப் பட்டை வகை மலிவு, ஒரு நிமிடத்தில் முடியும். ஆனால் அவற்றில் பலவற்றில் அம்மோனியாக் கட்டமே இருக்காது, புதுத் தொட்டிக்கு வேண்டியதே அதுதான். பக்குவப்பட்ட தொட்டியை வாராவாரம் மேலோட்டமாகப் பார்க்க வேண்டுமானால் பட்டை போதும்.

வாங்கும்போது குப்பியிலுள்ள லாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் அதுவே. மூன்று ஆண்டு தாண்டிய சரக்கு தள்ளுபடியில் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம். சில குப்பிகளில் காரமும் அமிலமும் இருப்பதால் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, சோதித்த தண்ணீரைத் தொட்டியில் திருப்பி ஊற்றாமல் சிங்கில் கொட்டிவிடுங்கள்.