கிளிமிபிரைடு – மெட்பார்மின் கூட்டு மாத்திரை: வேலை நன்று, விழிப்பு தேவை

சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மட்டும் போதாமல் போனபோது மருத்துவர் எனக்கு மாற்றிக் கொடுத்தது இந்த மாத்திரை. 1 மில்லிகிராம் கிளிமிபிரைடும், மெதுவாகக் கரையும் 500 மில்லிகிராம் மெட்பார்மினும் இதில் சேர்ந்திருக்கின்றன. சர்க்கரையைக் குறைப்பதில் ஒரு குறையும் இல்லை. வெறும் வயிற்றில் 180-க்கு மேல் நின்ற அளவு 120-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. ஆனால் உடம்பில் ஏதாவது தொந்தரவு வந்தால் அது இரண்டில் எந்த மருந்தின் வேலை என்று நாம்தான் பிரித்தறிய வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வயிற்றுத் தொல்லைகள் மெட்பார்மினுடையவை. குமட்டல், பொருமல், பேதி, வாயில் உலோகச் சுவை. உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். மலத்தில் எப்போதாவது மாத்திரை போலவே ஒன்று தென்பட்டால் பதற வேண்டாம். மருந்து உடம்பில் சேர்ந்தபின் மிஞ்சும் வெற்றுக்கூடு அது. வீணாகிவிட்டதென்று இன்னொன்றை விழுங்கிவிடக் கூடாது. இந்த வகையை உடைத்தோ பொடித்தோ சாப்பிடவும் கூடாது.

எனக்கு உண்மையான அச்சம் கிளிமிபிரைடு மீதுதான். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. நாம் சாப்பிட்டோமா என்று பார்த்துக்கொண்டிருக்காது. அலுவலகக் கூட்டம் நீண்டு மதிய உணவு தள்ளிப்போன ஒரு நாளில் கை நடுங்கியது, கழுத்து வியர்த்தது, எதிரே இருந்தவர் பேசியது காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை. கருவி 62 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறவில்லையென்றால் திரும்பவும் எடுக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், உடனே மருத்துவ உதவியை அழையுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் வகை மருந்தும் சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வையே முக்கிய அடையாளமாக மிஞ்சலாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நாள்பட வருவது இன்னொன்று. மெட்பார்மின் வைட்டமின் பி12-ஐக் குறைக்கக்கூடும். கால் மரத்துப்போனால் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். பி12 குறைவாலும் அப்படி ஆகும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருத்துவரிடம் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். சிறுநீரகப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழ் இருப்பவர்கள் மெட்பார்மின் எடுக்கவே கூடாது. ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதுதான், ஆனாலும் விளையாட்டல்ல.

ஒரே விழுங்கலில் வேலை முடிவது பெரிய வசதி. அந்த வசதிக்கு ஈடாக, ஒன்றை விட்டு மற்றொன்றின் அளவை மட்டும் மாற்ற முடியாது. தாழ்சர்க்கரைக்குப் பயந்து நாமாக நிறுத்திவிட்டால் மெட்பார்மினும் சேர்ந்து நின்றுபோகும். மருத்துவரிடம் சொன்னால் இரண்டையும் தனித்தனியாகவே எழுதித் தருவார்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். அரை மதிப்பெண்ணை அட்டைக்காகவே குறைத்தேன். கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் உள்ளதும் 2 மில்லிகிராம் உள்ளதும் பார்வைக்கு ஒன்றுபோலவே வருகின்றன. வேறுபடுத்தும் எண் பொடி எழுத்தில் இருக்கிறது. கண் மங்கியவர்கள் அதிகம் வாங்கும் மருந்தில் அந்த எண்ணையாவது பெரிதாக அச்சடிக்க வேண்டும்.