கடை டயப்பரா, துணி டயப்பரா, தாத்தாவின் வேட்டியா?

என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. முதல் மூன்று மாதம் கடை டயப்பர். அப்புறம் துணி டயப்பர். இப்போது துணி டயப்பருக்குள் என் அப்பாவின் பழைய வேட்டித் துணி. குப்பை வண்டியில் வரும் அக்கா ஒருநாள், "டயப்பர தனியா பேப்பர்ல சுத்திக் குடும்மா, கையால பிரிக்க முடியல" என்றார். அன்றுதான் மாற ஆரம்பித்தோம்.

கடை டயப்பரின் வசதியை விளக்கத் தேவையில்லை. பயணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாங்களும் அதைத்தான் எடுத்துப் போகிறோம். ஆனால் வெளியே பிளாஸ்டிக் தாள், உள்ளே ஈரத்தை இழுக்கும் ஜெல் மணிகள்; மட்கவும் மட்காது, எரித்தால் நச்சுப்புகை. ஒரு நாளைக்கு 6, ஒன்று 10 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 1,800 ரூபாய். நாங்கள் வாங்கிய 10 துணி டயப்பருக்கு ஆனது ஏறத்தாழ 4,000. காசுக் கணக்கு அவ்வளவுதான்.

எல்லாமே கடைசியில் துவைப்பதிலும் காயவைப்பதிலும் வந்து நிற்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழந்தைக்கு இரண்டரை வருடத்துக்குக் கடை டயப்பரின் கார்பன் சுமை (புவியைச் சூடாக்கும் வாயுக்களின் அளவு) சுமார் 550 கிலோ, துணி டயப்பருடையது சுமார் 570 கிலோ. படித்தபோது எனக்குத் திக்கென்றது. ஆனால் துணியின் சுமையில் பெரும்பங்கு வெந்நீரிலும் மின் உலர்த்தியிலும்தான் வருகிறது. மெஷினை நிறைத்துப் போட்டு, கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் அது வெகுவாகக் குறையும் என்று அதே ஆய்வு சொல்கிறது. நமக்குக் கொடியும் வெயிலும் புதிதா என்ன!

சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில். துணி டயப்பருடன் வரும் திண்டு பல அடுக்காகத் தைத்தது. மழை நாளில் இரண்டு நாள் ஆனாலும் நடுவில் ஈரம் நிற்கும், வாடை வரும். எனக்கு வெறுத்தே போய்விட்டது. அம்மாதான், "அந்தத் திண்ட எடுத்துட்டு வேட்டித் துணிய நாலா மடிச்சு உள்ள வையேன்" என்றார். பிரித்துப் போட்டால் அது ஒற்றைத் துணி. மின்விசிறிக் காற்றிலேயே இரவுக்குள் காய்ந்துவிடுகிறது. பல தடவை துவைத்த பருத்தி என்பதால் மெத்தென்றும் இருக்கிறது. வேட்டித் துணியை மட்டும் கட்டினால் பாய், மடி எல்லாம் நனையும். துணி டயப்பரின் ஈரம் கசியாத வெளிக் கவருக்குள் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் மாற்றிவிட வேண்டும்.

துவைப்பதில் மூன்றே கவனம். மலத்தைக் கழிப்பறையில் தட்டி அலசிய பிறகுதான் ஊறவைக்க வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். வேட்டித் துணியைக் கொதிநீரில் போடலாம், கவரைப் போடக்கூடாது, எலாஸ்டிக் தளர்ந்துவிடும்.

இரவு விஷயத்தில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் மகள் இரவில் அதிகம் நனைப்பவள் இல்லை. இரண்டு துணி சேர்த்து வைத்தால் விடியும் வரை தாங்குகிறது. நிறைய நனைக்கும் குழந்தை, அம்மா தனியாகச் சமாளிக்கும் வீடு என்றால், இரவுக்கு ஒரு கடை டயப்பர் போட்டுவிட்டுத் தூங்குங்கள். பகலில் ஐந்து டயப்பர் குறைவதே குப்பைக்கூடையில் நன்றாகத் தெரியும்.