பழைய பெட்ரோல் பங்க் மனையில் கட்டப் போகிறீர்களா? "மண் சுத்தம்" என்ற சான்றிதழைப் பார்த்து பில்லை செட்டில் செய்யாதீர்கள்

சென்னையில் மூடிக் கிடந்த பங்க் மனை ஒன்றில் அடுக்குமாடி கட்ட, மண்ணைச் சுத்தம் செய்யும் வேலையை ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்தோம். லேப் ரிப்போர்ட் வந்தது, முழுப் பணமும் வாங்கிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் குழி தோண்டியதும் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. ஊறிய தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம். எங்கெங்கே ஏமாற்றினார்கள் என்பதை அப்படியே எழுதுகிறோம்.

முதலில் ஆழம். மேலாக மூன்றடி வழித்துவிட்டுக் கிராவல் கொட்டி நிரப்பியிருந்தார்கள். பங்க் டேங்க்கின் அடிப்பாகம் தரைக்குக் கீழே 3, 4 மீட்டரில் இருக்கும். டேங்க், பம்புக்குப் போகும் குழாய் மூட்டுகள், லாரி எண்ணெய் இறக்கும் வாய், இந்த மூன்று இடத்தில்தான் பெரும்பாலும் கசியும். தண்ணீரைவிட லேசான பெட்ரோலும் டீசலும் நிலத்தடி நீர்மட்டம்வரை இறங்கி, அதன்மேல் மிதந்து பக்கவாட்டில் பரவும். 2013இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய் கசிந்து வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வந்ததே, அப்படித்தான். கோடையில் நீர்மட்டத்தோடு எண்ணெயும் இறங்கும், ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே ஏறும். இடைப்பட்ட மண் முழுக்க எண்ணெய் அப்பிக்கொள்ளும். ஆகவே மேல்மண் சுத்தமாக இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

லோடு கணக்குப் போட்டாலே குட்டு வெளிப்படும். தோண்ட வேண்டிய குழி 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம் என்றால் 192 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.8 டன் வைத்தால் சுமார் 345 டன். 16 டன் ஏற்றும் டிப்பரில் 22 லோடு. எங்களிடம் காட்டிய சீட்டுகள் அதில் கால்வாசிகூட வரவில்லை. அபாயகரக் கழிவு வகையில் வரும் மண்ணுக்கு 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி லோடுக்கு லோடு படிவம் 10 (கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்ற சீட்டு) வேண்டும். கழிவு நிலையத்தின் எடைச் சீட்டும் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் இல்லாத மண் எந்த ஏரிக்கரையில் கொட்டப்பட்டதோ, யாருக்குத் தெரியும்?

பெரிய மோசடி லேப் ரிப்போர்ட்டில். அதில் இருந்தது "எண்ணெய் மற்றும் கிரீஸ்" சோதனை மட்டும். அந்தச் சோதனையில் மண்ணிலுள்ள எண்ணெயை ஒரு கரைப்பானில் கரைத்தெடுத்து, கரைப்பானைச் சூடாக்கி ஆவியாக்கிவிட்டு, மிஞ்சியதை எடை போடுவார்கள். பெட்ரோலும் அந்த ஆவியோடு சேர்ந்து போய்விடும்! சாம்பிளையும் பல இடத்து மண்ணைக் கலந்து பாலிதீன் பையில் கட்டி எடுத்திருக்கிறார்கள். பெட்ரோலில் இருக்கும் நச்சுகளான பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கையும் கேஸ் குரோமட்டோகிராபியில் (வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் சோதனை) தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். டீசலும் விற்ற பங்க் என்றால் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பனும் சேர்த்து. குழியின் தரையிலும் நான்கு சுவரிலும் நீர்மட்ட ஆழத்திலும் சாம்பிள் எடுத்து, கலக்காமல், கண்ணாடிக் குப்பியில் காற்றிடம் விடாமல் அடைத்து, 4 டிகிரி ஐஸ் பெட்டியில் உடனே அனுப்ப வேண்டும். எடுப்பவர் உங்கள் ஆளாக இருக்கட்டும், கான்ட்ராக்டரின் ஆள் வேண்டாம்.

தண்ணீர் சாம்பிளை மனையில் இருந்த 200 அடி போர்வெல்லில் எடுத்துக் காட்டினார்கள். மேலே மிதக்கும் எண்ணெய் அங்கே எப்படி வரும்? நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் துளையிட்ட குழாய் இறக்கிய ஆழமில்லாக் கண்காணிப்புக் கிணறு குறைந்தது மூன்று வேண்டும். அதற்குக் குறைந்தால் நீரோட்டத்தின் திசையைக் கண்டுபிடிக்க முடியாது.

நுண்ணுயிர்ப் பொடியை மேலே தூவி அதற்கும் தனி பில் போட்டார்கள். எண்ணெய் தின்னும் நுண்ணுயிர் உண்மைதான். ஆனால் மண்ணை வெட்டிக் குவித்து, காற்றும் ஈரமும் கொடுத்து, கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:10:1 அளவில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தால்தான் மாதக்கணக்கில் வேலை செய்யும். மூடிய மண்ணின் மேல் தூவியது நாலு மீட்டர் ஆழத்துக்குப் போகாது.

ஒப்பந்தத்தில் பணத்தின் ஒரு நல்ல பங்கை, ஒரு மழைக்காலம் முடிந்து கிணறுகளில் மறுசோதனை செய்த பிறகே தருவதாக எழுதுங்கள். பழைய டேங்க்கை மணல் நிரப்பி உள்ளேயே விடுவதற்குச் சம்மதிக்காதீர்கள். அடியில் இருக்கும் மண்ணைப் பார்க்கவே முடியாமல் போகும். வாயுச் சோதனை முடியாமல் அதன்மேல் கட்டர் வைக்கவும் விடாதீர்கள், உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவியால் காலி டேங்க்தான் வெடிக்கும்.

எஞ்சிய மாசோடு கட்டியே ஆக வேண்டிய நிலை என்றால், எண்ணெய் ஆவி வீட்டுக்குள் ஏறாமலிருக்க, தரைத்தளக் கான்கிரீட்டுக்கு அடியில் ஜல்லிப் படுகை, அதிலிருந்து மொட்டைமாடிவரை காற்றுக்குழாய், ஜல்லிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மூட்டுகளை வெல்டிங் செய்த எச்டிபிஇ (அடர்த்தியான பிளாஸ்டிக்) ஷீட் வேண்டும். அந்த மண் வழியே போகும் குடிநீர் லைனுக்கு பாலிஎத்திலீன் குழாய் போடாதீர்கள். பென்சீன் அதன் சுவரை ஊடுருவித் தண்ணீரில் கலக்கும். உலோகக் குழாய் போடுங்கள்.