பயாப்சி இல்லாமல் கறுப்பு மச்சத்தை லேசரில் கரிக்க விடாதீர்கள் – நாகர்கோவிலில் எங்களுக்கு நடந்தது

அந்த லேசர் கிளினிக்கிலிருந்து நேற்று மதியம் வந்த பதிலைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நாகர்கோவிலில் மெயின் ரோட்டு மாடியில், கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்து, முடி கொட்டுவதிலிருந்து மச்சம் எடுப்பது வரை எல்லாம் செய்வோம் என்று போர்டு மாட்டியிருக்கும் வகை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை இப்போது மார்த்தாண்டம், தக்கலை வரைக்கும் வந்துவிட்டது. அம்மாவின் கால் மச்சத்தை எடுக்கப் போய் 42,500 ரூபாய் போனது. பணம் மட்டும் போயிருந்தால் இத்தனை எழுதியிருக்க மாட்டேன். இப்படிப்பட்ட இடத்துக்குப் போவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்பதையும் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 58 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனால் பால் எடுத்து ஊற்றிவிட்டு வர மதியம் ஆகிவிடும். இடது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி வெகுநாளாக இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகப் பரந்து, ஒரு பக்கம் அடர் கறுப்பு, ஒரு பக்கம் காப்பிக்கொட்டை நிறம், ஓரம் எல்லாம் கோணல்மாணல் என்று ஆனது. கால் ஆணி என்று ஒருவர், முள் குத்திய தழும்பு என்று ஒருவர், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மாசி மாதம் ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நின்றிருந்த நேரத்தில், அம்மாவுக்கு வேலை இல்லாத இடைவெளியில் இதைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். "மரு, மச்சம், கால் ஆணி, வலி இல்லாமல் லேசரில்" என்று அந்த கிளினிக்கின் ரீல்ஸ் தங்கையின் போனில் தினமும் வந்துகொண்டிருந்தது.

அந்த முதல் நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வெள்ளை கோட் போட்ட ஒரு பெண் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தானே கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, அம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அம்மா கூச்சத்தில் காலை இழுத்தார். "பரவாயில்லம்மா, நான் உங்க மக மாதிரி" என்று சொல்லி, பஞ்சில் மருந்து நனைத்துக் குதிகால் வெடிப்பு எல்லாம் துடைத்துவிட்டார். ரப்பர் பால் ஒட்டிக் கறுத்து, வெடித்துக் கிடக்கிற கால் அது. அதை இன்னொருவர் மடியில் வைத்துத் துடைத்ததை அம்மா அதற்கு முன் பார்த்ததே இல்லை. அப்புறம் ஒரு சின்னக் கேமராவை அந்த இடத்தில் வைத்ததும் சுவரில் இருந்த டிவியில் பெரிதாகத் தெரிந்தது. "இது சும்மா மச்சம்தான், கொஞ்சம் ஆழமா இருக்கு, ஆறு சிட்டிங்ல கிளியர் ஆகிரும்" என்றார்.

தங்கை கேட்டாள், "சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பவேண்டாமா மேடம்?" என்று. கேட்டாள், அதை இங்கே பதிந்துவைக்கிறேன், ஏனென்றால் இப்போது நாங்கள் எதுவுமே கேட்கவில்லை என்கிறார்கள். அதற்கு வந்த பதில்: "அதெல்லாம் வெள்ளைத் தோல்காரங்களுக்கு வர்றது, நம்ம கலருக்கு வராது. டெஸ்ட் எடுத்தா உங்களுக்குத்தான் வீண் செலவு." பேக்கேஜ் 42,500 ரூபாய், அன்றே கட்டினால்தான் அந்த ரேட், இல்லையென்றால் கூடும் என்றார்கள். சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். கட்டினோம். பஸ்ஸில் வரும்போது அம்மா சொன்னார், "நல்ல குணமுள்ள பிள்ள மக்கா, எனக்க காலை மடியில வச்சுப் பாத்துதே." அந்த நம்பிக்கைக்குத்தான் 42,500 ரூபாய் வாங்கினார்கள்.

நம்ம நிறத்துக்கு வராது என்ற அந்த ஒரு வாக்கியத்தை முதலில் உடைத்துவிடுகிறேன், ஏனென்றால் இன்னும் நாலு குடும்பத்திடம் இதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் நம் ஊரில் அரிது, அது உண்மை. ஆனால் நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு வரும்போது அது பெரும்பாலும் வருகிற இடங்களே உள்ளங்காலும் உள்ளங்கையும் நகத்துக்கு அடியும்தான். அதற்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, அதனால் தோலில் இருக்கிற கறுப்பு அதிலிருந்து காப்பாற்றாது. பாப் மார்லி என்ற ஜமைக்கா பாடகருக்குக் கால் பெருவிரலில் வந்தது இதுதான், 1981இல் 36 வயதில் இறந்தார்.

முதல் சிட்டிங்கில் பொசுங்கின வாடை வந்தது. கறுப்பு மங்கியதும் எங்களுக்கும் சந்தோஷம்தான், போட்டோ எடுத்து அவர்கள் பக்கத்தில் போடலாமா என்றுகூடக் கேட்டார்கள். அடுத்தடுத்த சிட்டிங்கில் புண் ஆறவே இல்லை. ஆனி மழையில் நனைந்ததால்தான் ஆறவில்லை என்று அம்மாவையே குறை சொன்னார்கள். ஒரு களிம்பு கொடுத்தார்கள், அதற்குத் தனி பில். கரித்த இடத்தைச் சுற்றி மறுபடியும் கறுப்பு ஊற ஆரம்பித்தது, தொட்டால் ரத்தம் கசிந்தது. அதைக் காட்டினபோது, "ஹீல் ஆகும்போது பிக்மென்ட் வரும், நார்மல்" என்று சொல்லி அதன் மேலேயே மறுபடியும் லேசர் அடித்தார்கள். இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

கடைசியில் அம்மாவால் மரத்துக்கு மரம் நடக்க முடியாமல் போனதும் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே தோல் மருத்துவர் ஒரு சின்ன லென்ஸ் கருவியை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளங்காலில் ரேகை ஓடுகிறது அல்லவா, அதில் பள்ளத்தில் கறுப்பு ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம், மேட்டில் ஓடினால் சந்தேகப்பட வேண்டும் என்று எங்களுக்கே காட்டி விளக்கினார். கரித்ததற்கு வெளியே மிச்சம் இருந்த ஓரத்தில் மேட்டில்தான் ஓடியது. அந்த டிவியில் பெரிதாகக் காட்டினார்களே, அதில் இவர்கள் என்னத்தைப் பார்த்தார்கள்? மரத்துப்போகிற ஊசி போட்டு, பேனா முனை அளவு சதையை எடுத்து ஃபார்மலினில் போட்டு அனுப்பினார்கள். அவ்வளவுதான் பயாப்சி. 42,500 ரூபாய் வாங்கியவர்கள் வீண் செலவு என்று சொன்னது இதைத்தான். ரிப்போர்ட்டில் மெலனோமா.

பிறகு திருவனந்தபுரம். நம் ஊரில் யாருக்குப் புற்று என்றாலும் கடைசியில் அங்கே இருக்கிற ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்கிறோம், குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சர்ஜன் கேட்ட முதல் கேள்வி, "முதலில் எடுத்த சதையின் ரிப்போர்ட் எங்கே?" என்பதுதான். எடுக்கவே இல்லை, லேசரில் கரித்துவிட்டார்கள் என்று சொன்னதும் அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். ஏன் என்று அப்புறம் புரிந்தது. இந்தப் புற்றுக்கு எல்லாமே ஆழத்தை வைத்துத்தான். தோலின் மேலிருந்து அணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கின்றன என்பதை மைக்ரோஸ்கோப்பில் அளப்பார்கள். 1970இல் பிரெஸ்லோ என்ற மருத்துவர் வகுத்த அளவு, இன்றும் அதுதான் அடிப்படை. ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து வெட்டினால் போதும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் என்றால் இரண்டு சென்டிமீட்டர். மேல்தோலைத் தாண்டாத நிலையில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் அந்த அறுவை சிகிச்சையோடேயே முடிந்துவிடும். லேசர் அடித்தால் அளப்பதற்குச் சதையே இருக்காது. மேலே இருந்தது புகையாய்ப் போய்விடும், கீழே இருப்பது தழும்புக்கு அடியில் வளர்ந்துகொண்டிருக்கும். அம்மாவுக்கு மிச்சம் இருந்ததை வைத்து அளந்ததே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். கரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு காட்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

குதிகாலில் இரண்டு சென்டிமீட்டர் ஓரம் விட்டு வட்டமாக வெட்டினார்கள். அங்கே இழுத்துத் தைக்கத் தோல் கிடையாது, அதனால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். மச்சம் இருந்த இடத்தில் சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேருகிற நெறிக்கட்டியைத் தொடையிடுக்கில் கண்டுபிடித்து எடுத்தார்கள். அதில் புற்று அணுக்கள் இருக்கின்றன என்று ரிப்போர்ட் வந்தது. முன்னாலேயே வெட்டியிருந்தால் அங்கே போயிருக்காதா டாக்டர் என்று கேட்டேன். "அதைச் சொல்ல வேண்டிய சதையைத்தான் எரித்துவிட்டார்களே" என்றார். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். குதிகாலை ஊன்றக் கூடாது. மரத்துக்கு மரம் நடந்தே ஆகவேண்டிய வேலை, அந்த வேலைக்கு அம்மா இனி போக முடியாது.

இப்போது அந்த கிளினிக் எங்களை அலைக்கழித்ததைச் சொல்கிறேன். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனால் ரிசப்ஷனில் டாக்டர் லீவு. அடுத்த முறை போனால் கான்ஃபரன்ஸ். எந்த டாக்டர், பெயரையும் பதிவு எண்ணையும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் மேனேஜர் வருகிறார். அம்மாவின் காலை மடியில் வைத்த அந்தப் பெண் டாக்டரே இல்லை, தெரபிஸ்டாம், வேலையை விட்டுப் போய்விட்டாராம். பிறகு ஒரு பேப்பரைக் காட்டினார்கள், அம்மா கையெழுத்துப் போட்டது, முழுக்க ஆங்கிலம், கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று அடியில் பொடி எழுத்தில். தமிழில் ஒரு வரிகூட அம்மாவிடம் சொல்லாமல், அட்மிஷன் ஃபார்ம் என்று சொல்லி வாங்கிய கையெழுத்து அது. வாட்ஸ்அப்பில் அனுப்பின ரிப்போர்ட்டுக்கு நீல டிக் மட்டும் வந்தது. தொடர்ந்து கேட்டதற்கு, "நாங்கள் கொடுத்தது காஸ்மெட்டிக் சர்வீஸ் மேடம், நோய்க்கு நாங்க பொறுப்பில்லை" என்றார்கள். நோய்க்குப் பொறுப்பில்லை என்றால், அது நோய் இல்லை என்று எந்தத் தைரியத்தில் சொன்னீர்கள்?

நேற்று வந்த பதில் இதுதான்: "உங்க பேக்கேஜில் இரண்டு சிட்டிங் பாக்கி இருக்கு. ரீஃபண்ட் கிடையாது. வேணும்னா உங்க தங்கைக்கு ஃபேஷியலா மாத்திக்கலாம்." கூடவே ஒரு கும்பிடுகிற படம். அம்மா தொடையில் தோல் உரித்த புண்ணோடு படுத்திருக்கிறார், இவர்கள் 42,500 ரூபாய்க்குக் கணக்குத் தீர்க்க ஃபேஷியல் தருகிறார்களாம். இதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், டிரெஸ்ஸிங் மாற்ற நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி மூன்றையும் வீட்டில் பெரியவர்களுக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பரவுகிற கறுப்பு, இரண்டு மூன்று நிறம், கோணலான ஓரம், ஆறாத புண், நகத்தில் அகலமாகிக்கொண்டு போகிற கறுப்புக் கோடு, எதுவாக இருந்தாலும் தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு ஆஸ்பத்திரி போதும். கடலோரத்து அண்ணன்மாரும் வயலில் நிற்பவர்களும் மூக்கு, கன்னம், உதட்டில் ஆறாத புண்ணையும், பழைய தீக்காயத் தழும்பில் புதிதாக வருகிற புண்ணையும் விடாதீர்கள், அவை வேறு வகைத் தோல் புற்று. சந்தேகமான எதையும் லேசர், கரண்டு, ஆசிட், சுண்ணாம்பு வைத்து யாரும் கரிக்க விடாதீர்கள். வெட்டி எடுத்தால் அது லேபுக்குப் போக வேண்டும், ரிப்போர்ட் உங்கள் கைக்கு வர வேண்டும். பார்த்தவரின் பெயரும் பதிவு எண்ணும் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அன்றே கட்டினால்தான் இந்த ரேட் என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பில், ஜிபே ரசீது, வாட்ஸ்அப், கால் போட்டோ எதையும் அழிக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்கிற மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட் 1995இலேயே சொல்லிவிட்டது. இரண்டு வருஷத்துக்குள் நாகர்கோவில் நுகர்வோர் கமிஷனில் போடலாம், கட்டின தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்தும் வழி கேட்கலாம். நாங்கள் இந்த வாரம் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறோம். மாடிப்படி, கண்ணாடிக் கதவு, காலை மடியில் வைத்துப் பார்ப்பது என்று படிக்கும்போதே எந்த இடம் என்று உங்களுக்குப் பிடிபட்டால், அங்கே மச்சம் எடுத்த யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அந்தத் தழும்பை இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு எனக்கு இன்பாக்ஸில் வாருங்கள், புகாரைச் சேர்ந்தே போடுவோம்.